கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய மரம்

மாடல் செய்யும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் உங்கள் பட்டறையைப் பார்க்க வந்தபோது ஒரு பெண் மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். உள்ளே பாக்கெட் பாக்கெட்டாகக் குட்டி மரங்கள். தென்னை ஒரு பாக்கெட், வேம்பு ஒரு பாக்கெட், 'பொது மரம்' என்று சீட்டு ஒட்டிய பாக்கெட் ஒன்று. "மேடம், நீங்க இதையெல்லாம் கையாலயே செஞ்சவங்களாமே. இதைப் பார்த்தா உங்களுக்கு வருத்தமா இருக்குமே" என்றாள். எனக்கு வந்தது வருத்தம் இல்லை அம்மா, வயிற்றெரிச்சல். இந்தப் பாக்கெட் அந்தக் காலத்திலேயே வந்திருந்தால் என் விரல் நுனியெல்லாம் கொதிக்கிற வச்சிரப் பசையில் வெந்திருக்காது. தாராளமாக வாங்கி ஒட்டுங்கள், இதைக் கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டிக் கும்பிடுவேன். ஆனால் 'பொது மரம்' என்ற சீட்டைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கை அரிக்கிறது. எந்த ஊரிலும் பொது மரம் என்று ஒன்று நின்று நான் பார்த்ததில்லை. மரம் என்றால் யாரோ வைத்தது, அல்லது யாரோ வைக்க விட்டது. இதை நான் தெரிந்துகொண்ட கதையைத்தான் எழுதப் போகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது எழுபதுகளில். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் குத்தகைக்கு உழுத குடும்பம் எங்களுடையது. டிராயிங் பரீட்சை பாஸ் செய்துவிட்டு டீச்சர் வேலைக்குக் காத்திருந்தேன். அப்போது தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் ஆள் கேட்டார்கள். அணை, மதகு, மின்சாரம் வந்த கிராமம், சுற்றிச் சுற்றி ஓடும் ரயில் என்று பொருட்காட்சிகளுக்கு மாடல் செய்து கொடுக்கிற பட்டறை அது. எனக்குக் கொடுத்தது மரப் பிரிவு. பிரிவு என்றால் பெரிதாக நினைக்காதீர்கள், அதில் இருந்தது நான் ஒருத்திதான். அப்பா சொந்தக்காரர்களிடம் "எம்பொண்ணு மரம் செய்யுது" என்று சொன்னால், "அதுதான் வெளியில தானா முளைக்குதே, அதுக்குப் போய்ச் சம்பளமா?" என்று சிரிப்பார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் முகம் சிவக்கும்.

பட்டறையை நடத்தியவரை நாங்கள் மேஸ்திரி என்றே கூப்பிடுவோம். நாடகக் கம்பெனிகளுக்குச் சீன் வரைந்து வரைந்து கைதேர்ந்தவர். கோபம் வந்தால் கையில் இருக்கிற பிரஷ் பறக்கும். ஆனால் யார் மேலும் படாமல் எறிவதில் கெட்டிக்காரர். நான் சேர்ந்த புதிதில் பொருட்காட்சி ரயிலுக்காகத் தென்னைமரங்கள் செய்தேன். ஈர்க்குச்சியில் தண்டு, கோழி இறகில் மட்டை. எல்லாம் அணிவகுப்பு மாதிரி விறைப்பாக நின்றன. மேஸ்திரி ஒன்றைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இது எங்க நிக்குது?"

"ஆத்தங்கரையிலங்க."

"ஆத்தங்கரைத் தென்னை ஆத்தைப் பாத்துச் சாயும். கொல்லைத் தென்னை வெளிச்சம் கெடைக்கிற பக்கம் சாயும். நாகப்பட்டினத்துப் பக்கம் போனா கடக்காத்து புடிச்சுச் சாய்ச்சு வச்சிருக்கும். இது எந்தப் பக்கமும் சாயலையே. இதென்ன, கொடிக்கம்பமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் மறுநாள் பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன், மனுஷர் சொன்னது அத்தனையும் உண்மை. அதிலிருந்து மரம் செய்யச் சொன்னால் முதலில் அது எங்கே நிற்கிறது என்று கேட்பேன். கேட்டுக் கேட்டு எல்லோரையும் எரிச்சல்படுத்தினேன்.

மேஸ்திரிக்கு இரண்டு ரூல் உண்டு. முதலாவது, மாடலில் கொடிக்கம்பம் வைக்கவே கூடாது. "இன்னிக்கு ஒரு கொடிய வச்சா நாளைக்கு ஆட்சி மாறும், யாரு மாடல் பலகையப் பிரிக்கிறது?" என்பார். தெருவுக்குத் தெரு கறுப்பு சிவப்பும், கட்சி உடைந்த பிறகு நடுவில் படம் போட்ட கறுப்பு சிவப்பும், சேரிப் பக்கம் செங்கொடியுமாகப் பறந்த காலம் அது. நல்ல ரூல்தான். இரண்டாவது, வீடு வாசல் தவிர, கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய எதுவும் பலகையில் ஏறக் கூடாது. செடி, கொடி, சட்டிபானை, ஆடு, கோழி எதுவும் வேண்டாம். நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அதெல்லாம் அழுக்கு விழுந்த மாதிரித்தான் தெரியும், வச்சிரமும் திட்டுத் திட்டாகக் காய்ந்து நிற்கும் என்பது அவர் வாதம். அதுவும் நல்ல ரூல் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

திருவாரூருக்குத் தெற்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊருக்குப் புதிதாக பஸ் ரோடு போட முடிவானது. ரோடு ஊருக்குள் நுழைய இரண்டே வழி. ஒன்று மிராசுதாரின் தென்னந்தோப்பு ஓரமாக. இன்னொன்று அவர் பண்ணையில் வேலை செய்தவர்கள் குடியிருந்த குடிசைத் தெரு வழியாக. குடியிருக்கிறவருக்கே அந்த மனை சொந்தம் என்று சட்டம் வந்திருந்த நேரம். அந்தத் தெருக்காரர்கள் பட்டா கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். மிராசுதார் தரப்பில் என்ன சொன்னார்கள் தெரியுமா? அது தெருவே இல்லையாம். அறுப்புக்கு வந்து தங்கிப் போகிற ஆட்கள் போட்ட கொட்டகையாம். விசாரித்த ஆர்.டி.ஓ. அதை நம்பிவிட்டால் ரோடு குடிசைகள் மேலே போகும், பட்டாவும் கிடைக்காது. கீற்றையும் மூங்கிலையும் தலையில் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் எங்காவது போக வேண்டியதுதான்.

கூலி, நிலம், அறுப்புக்கு வெளியாள் இறக்குவது என்று எதை எடுத்தாலும் வாய்த்தகராறு கைகலப்பில் முடிந்த வருஷங்கள் அவை. அந்த ஊருக்கு அதிகாரி ஜீப் போனால் இரண்டு பக்கமும் கூட்டம் கூடிவிடும், கூட்டம் கூடினால் கல் பறக்கும். அதனால் ஆர்.டி.ஓ. ஒரு யோசனை செய்தார். ஊரை அப்படியே மாடலாகச் செய்து ஆபீசில் வைப்பது, இரு தரப்பும் மேஜையைச் சுற்றி நின்று பேசி முடிப்பது. மாடல் சரியாக இருக்கிறதா என்று கூட்டத்துக்கு முன்பே இரு தரப்பும் பட்டறைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். மிகவும் நியாயமான மனிதர்.

மரம் பார்க்க நான் சர்வேயரோடு அந்த ஊருக்குப் போனேன். தோப்பைப் பார்த்தபோது கண் குளிர்ந்தது. ஒவ்வொரு தென்னையையும் படம் வரைந்துகொண்டேன். குடிசைத் தெருவுக்கு வந்தால் தலைக்கு மேல் வெயில்தான். ஒதுங்க ஒரு மர நிழல் இல்லை. ஒரு குடிசை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டுக்காரர் பெயர் தனபாக்கியம். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். நடவுக்கும் களைக்கும் போகிறவர், விவசாயக் கூலிகள் சங்கத்தில் பெண்கள் சார்பில் பேசுகிறவரும் அவர்தான். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, நான் வாங்குகிறேனா என்று ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

"ஏன்க்கா, நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லையே?" என்றேன்.

"வைக்க விட்டாத்தானேங்க. தென்னையோ மாவோ வச்சா, அது நிக்கிற வரைக்கும் நாங்க நிப்போம்னு ஆயிடுமாம். எங்க மாமியா ஒரு தென்னம்பிள்ளை வச்சாங்க. பண்ணையிலேருந்து ஆளு வந்து புடுங்கி வாய்க்கால்ல எறிஞ்சிட்டுப் போனான். முருங்கை வச்சுக்கலாம், காத்தடிச்சா முறிஞ்சு போயிடும் பாருங்க. சுரை, பூசணி போட்டுக்கலாம், காஞ்சு போயிடும்ல. போற பொருளா இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பட்டறைக்குத் திரும்பி வேலையைத் தொடங்கியபோது அது கதையாக மனசில் ஒரு மூலையில் கிடந்ததே தவிர, அதற்கும் என் கைவேலைக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றவே இல்லை. குடிசையை ஒட்டி நின்ற முருங்கைகள் எல்லாம் கூரை உயரத்துக்குத் தறித்துவிட்டவை. பலகை அளவில் அவை நகத்தைத் தாண்டாது. ரூல்படி விட்டுவிட்டேன். கூரைமேல் படர்ந்த கொடிகளையும் விட்டுவிட்டேன்.

மாடல் முடிந்தது. சொல்லக் கூடாது, அவ்வளவு அழகு. தோப்பு மட்டும் தனியாகக் காற்றில் அசைகிற மாதிரி இருந்தது. மிராசுதாரின் காரியஸ்தர் முதலில் வந்து பார்த்தார். தங்க பிரேம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தென்னைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "மோட்டார் கொட்டகைகிட்ட ஒண்ணு கொறையுதே" என்றார். பார்த்தால் நிஜமாகவே குறைந்தது. ஓடிப்போய் ஒன்று செய்துகொண்டுவந்து நட்டேன். திருப்தியாகப் போனார்.

மத்தியானத்துக்கு மேல் தனபாக்கியமும் சங்கத்திலிருந்து ஓர் ஆளும் வந்தார்கள். தனபாக்கியம் பலகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தோப்பைப் பார்த்தார், மிராசுதாரின் மாடி வீட்டைப் பார்த்தார், கோயில் குளத்தைப் பார்த்தார். தன் தெருவுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இதான் எங்க தெருவாங்க?"

"ஆமாங்க்கா."

"எல்லாரும் காலி பண்ணிட்டுப் போயிட்ட தெரு மாதிரில்ல இருக்கு."

நானும் அப்போதுதான் அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். மண்நிறத் தரையில் மண்நிறக் கூரைகள், நடுவில் ஒரு துளிப் பச்சை இல்லை. அறுப்புக்கு வந்தவர்கள் போட்ட கொட்டகை என்று மிராசுதார் தரப்பில் சொன்னார்களே, அதை அவர்களுக்காக நானே செய்து கொடுத்த மாதிரி இருந்தது. இனி யார் இந்தப் பலகையைப் பார்த்தாலும் அந்தப் பசுமையான தோப்பில் கை வைக்க மனசு வராது. காலியான இந்த இடத்தில் ரோடு போனால் என்ன என்றுதான் தோன்றும்.

சங்கத்து ஆள் மெதுவாக என் பக்கம் வந்தார். "ஏம்மா, கைல தென்னை மிச்சம் இருக்குல்ல? நாலஞ்சு நட்டு விடுங்களேன். ஊருக்குப் போயா பாக்கப் போறாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தனபாக்கியம் திரும்பினார். "சும்மா இருங்க நீங்க. ஒரு பொய்த் தென்னைய அவன் புடுங்கிக் காட்டினான்னா, வீடும் பொய்யின்னு சேத்துப் புடுங்கிடுவான்." பிறகு என்னிடம், "இல்லாததை வைக்க வேணாங்க. இருக்கறதை வைங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் மாலை கூட்டம். நான் மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

"தெருவுல முருங்கையும் சுரைக்கொடியும் வைக்கணுங்க."

"ரூலு?"

"ரூலை மாத்தணுங்க."

பிரஷ் பறந்தது. வழக்கம்போல் சுவரில் பட்டது. "காரியஸ்தர் பாத்துச் சரின்னுட்டுப் போயிட்டாரு. இப்ப நீ ஒரு பக்கம் மட்டும் பச்சை அடிச்சு வச்சா, பட்டறைக்காரன் சங்கத்துக்கிட்ட கை நீட்டிட்டான்னு ஊரெல்லாம் பேசுவாங்க. அப்புறம் பலகையே செல்லாது. அதுதான் உனக்கு வேணுமா?"

சும்மா கத்தவில்லை அவர், சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கும் அன்றைக்கு என்னவோ வீம்பு வந்துவிட்டது. அவர்களை எதை வைக்க விட்டார்களோ, அது முழுக்க நம் நகத்துக்குக் கீழே போய்விடுகிறதே என்றேன். பெரிதாக வளருவதை அவர்கள் வைக்கக் கூடாது என்பது பண்ணையின் ரூல். சிறிதாக இருப்பதை நாம் வைக்கக் கூடாது என்பது நம் ரூல். இரண்டும் சேர்ந்தால் அந்தத் தெருவில் மிஞ்சுவது என்ன?

மேஸ்திரி பலகையை நாடக சீனைப் பார்ப்பது போல் தள்ளி நின்று பார்த்தார். "சீன்ல ஒரு வீடு வெறிச்சோடி இருந்தா, உள்ளேருந்து நடிகன் வரும்போது ஜனம் நம்பாது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது.

"தெருவுக்கு மட்டும் வேண்டாங்க. ஊர் முழுக்க வைப்போம். மிராசுதார் வீட்டு வைக்கோல் போர், துளசி மாடம், வாசல் பூச்செடி, கோயில் குளத்து அல்லி, எல்லாத்தையும். நகத்துக்குக் கீழே இருக்கறதை எல்லாருக்கும் ஏத்துவோம். காலையில காரியஸ்தரை மறுபடியும் கூப்பிட்டுக் காட்டிடலாம்."

"விடியறதுக்குள்ளயா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

எப்படிச் செய்தோம் என்பதை விட்டுவிடுகிறேன். அதைவிட நல்ல வழிகள் இன்று உங்களிடம் இருக்கின்றன. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். முருங்கையைச் செய்ய உட்கார்ந்தபோது, அதை நான் பார்த்த மாதிரியே செய்தேன். அடிமரம் பருத்து, முண்டும் முடிச்சுமாக. அதன் தலையில் மட்டும் மெல்லிய இளம் கிளைகள். எங்கள் வீட்டுக் கொல்லையிலும் அப்படித்தான் நிற்கும். ஒவ்வொரு வாசலுக்கும் ஒன்று. அந்தத் தெருவில் முருங்கை இல்லாத வாசலே கிடையாது.

காலையில் காரியஸ்தர் வந்தார். "மறுபடி எதுக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார். வைக்கோல் போரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, துளசி மாடங்கூட! எங்க ஐயா வீட்டு வாசல்ல நந்தியாவட்டை, அப்படியே இருக்கேய்யா!" தெருப் பக்கமும் கண்ணை ஓட்டினார், தலையை ஆட்டினார். அப்படியே இருப்பதாக எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். தனபாக்கியத்துக்குக் காட்ட நேரம் இல்லை. அவர் நேராகக் கூட்டத்தில்தான் பார்த்தார். பார்த்ததும் தன் வாசலைத் தேடிக் கண்டுபிடித்து, கூரைமேல் சுரைக்கொடியை விரல் படாமல் சுட்டிக்காட்டிப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஏதோ சொன்னார்.

ஆர்.டி.ஓ. பலகையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். காரியஸ்தர் பழைய பாட்டையே பாடினார். ஆர்.டி.ஓ. காதில் வாங்கிக்கொண்டே குடிசைத் தெருவுக்கு வந்து குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"இதை யார் செய்தது?"

மேஸ்திரி என்னைக் கை காட்டினார்.

"இது என்ன மரம்மா?"

"முருங்கைங்க சார்."

"அடி இவ்வளவு பருமனா இருக்கு, கிளை இவ்வளவு மெல்லிசா இருக்கு. அளவு தப்பிப் போச்சா?"

அறை முழுக்க என்னையே பார்த்தது.

"தப்பலைங்க சார். முருங்கையை வருஷா வருஷம் மழைக்கு முன்னால தறிச்சு விடுவாங்க. கிளை எப்பவும் புதுசா இருக்கும். அடி மட்டும் பருத்துக்கிட்டே போகும்."

அடுத்த வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்டது. 'அதனால இவங்க இங்க ரொம்ப வருஷமா இருக்காங்க சார்' என்று சொல்லிவிடத் துடித்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். மரம் செய்கிறவள் மரத்தைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொன்னால் அதை நம்புவார்கள். ஒரு படி மேலே போய் நான் தீர்ப்புச் சொன்னால், நான் செய்த மரத்தையும் சந்தேகப்படுவார்கள். இது அப்போது இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததாகப் பொய் சொல்ல மாட்டேன். பயத்தில் வாய் தானாக மூடிக்கொண்டது என்பதே பாதி உண்மை. ஆனால் நல்ல இடத்தில் மூடியது.

ஆர்.டி.ஓ. நிமிர்ந்தார். "அறுப்புக்கு வந்து போறவங்கன்னு சொன்னீங்க. அப்ப வருஷா வருஷம் மழைக்கு முன்னால இதை யார் தறிச்சது?"

காரியஸ்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாடல்தானே சார். அவங்க இஷ்டத்துக்கு எப்படி வேணா செய்யலாம்."

மேஸ்திரிக்குக் கேட்க வேண்டுமா? கையில் பிரஷ் இல்லாதது நல்லதாகப் போயிற்று. "காலைல நீங்கதானேய்யா குனிஞ்சு பாத்து அப்படியே இருக்குன்னீங்க? உங்க வைக்கோல் போர் அப்படியே இருந்தா, அவங்க முருங்கையும் அப்படியேதான் இருக்கும்!" என்றார். இரண்டு பக்கத்திலும் சிரித்துவிட்டார்கள். அந்த ஊர் விஷயத்தில் இரு தரப்பும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று சங்கத்து ஆள் என்னிடம் பிறகு சொன்னார்.

"நாளைக்கு நான் நேர்ல வர்றேன். முருங்கையைப் பார்க்க" என்றார் ஆர்.டி.ஓ.

போனார். போலீஸ் வேனும் கூடப் போனது, ஆனால் வேலை இருக்கவில்லை. அதிகாரி ஒருவர் வாசல் வாசலாகக் குனிந்து முருங்கைக் கட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனால், யார்மேல் கல் எறிவது? ரோடு தோப்பு ஓரமாகத் திரும்பியது. தோப்பில் ஒரு வரிசைத் தென்னை போயிற்று. உண்மையைச் சொன்னால் அதுவும் எனக்கு வலித்தது. அந்த மரங்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை, ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து நான்தான் செய்திருந்தேன். பலகையிலிருந்து என் கையாலேயே அவற்றைப் பிடுங்கினேன்.

பட்டா உடனே வந்துவிடவில்லை. தனபாக்கியமும் தெருக்காரர்களும் ஆபீசுக்கு நடையாய் நடந்தார்கள். ஆனால் வந்தது. அதற்குள் எங்கள் மாடல், புதிய ரோடு வந்த கிராமம் என்று தஞ்சாவூர் பொருட்காட்சியில் இடம் பிடித்திருந்தது. பக்கத்திலேயே எங்கள் ரயில் ஓடிக்கொண்டிருந்ததால் கூட்டம் பூராவும் அங்கே. எங்கள் கிராமத்தைச் சீந்த ஆள் இல்லை. ஒரு நாள் தனபாக்கியம் குடும்பத்தோடு வந்தார். ரயிலைப் பார்க்காமல் நேரே எங்களிடம் வந்தார்.

"தங்கச்சி, எங்க வாசல்ல ஒண்ணு கொறையுது" என்றார்.

எனக்குக் காரியஸ்தர் நினைவு வந்து சிரிப்பு வந்துவிட்டது. "என்னக்கா?"

"தென்னம்பிள்ளை வச்சிருக்கேன். பட்டா வந்த அன்னிக்கே வச்சுட்டேன்."

"எவ்வளவு உசரம்?"

முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினார். பலகை அளவில் அது அரை நெல்மணி இருக்கும். அவ்வளவு சிறியதை நான் அதுவரை செய்ததில்லை. செய்ய முடியும் என்றும் தோன்றவில்லை. எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே, பின்னால் ஸ்டூலில் இருந்த மேஸ்திரி கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். எங்கிருந்தோ ஓர் இறகைப் பிய்த்தார். மூச்சுவிடாமல் என்னவோ செய்தார். ஊசி முனையில் வச்சிரம் தொட்டு, அந்த வாசலில், முருங்கைக்குப் பக்கத்தில் அதை நட்டுவிட்டு நிமிர்ந்தார். தும்மினால் பறந்துவிடும், அவ்வளவுதான் இருந்தது.

தனபாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் குனிய வைத்துக் காட்டினார். பிறகு கேட்டார், "இது பெரிசானா என்னங்க பண்றது?"

"பெரிசானா வந்து சொல்லு. மாத்தி வச்சுக்கலாம்" என்றார் மேஸ்திரி, ஏதோ அது பட்டறையின் வழக்கம் மாதிரி.

தனபாக்கியமும் வந்தார். வருஷா வருஷம் பொருட்காட்சி போட்டதும் வருவார். இடுப்பளவு என்று காட்டுவார், அடுத்த முறை தலையளவு என்று காட்டுவார். நான் பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியது நடுவேன். வேறு எந்த மாடலிலும் மரம் வளர்ந்து நான் கேள்விப்பட்டதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. மேஸ்திரியிடம் அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

நீங்கள் பாக்கெட்டைப் பிரிக்கும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த இடத்தில் மரம் வைக்க யாரை விட்டார்கள், யாரை விடவில்லை என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள். பாக்கெட்டில் இல்லாதது அங்கே ஏதாவது நின்றால், அதை மட்டுமாவது உட்கார்ந்து கையால் செய்யுங்கள். சோம்பல்பட்டால் என்னைக் கூப்பிடுங்கள், வந்து திட்டுகிறேன்.

கடைசியாக அந்தத் தென்னையை மாற்றிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தனபாக்கியம் கையைத் தூக்கி, எட்டாமல், கால் கட்டைவிரலில் எம்பி நின்று உயரம் காட்டினார். நான் செய்ததை மேஸ்திரி வாங்கித் தன் கட்டைவிரல் நகத்தோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். நகத்தைத் தாண்டி நின்றது.

"அப்பாடா, இப்ப ரூல்படியே ஏறியாச்சு" என்றார். "எந்தப் பக்கம்மா சாயுது?"

"சாயலைங்க" என்றார் தனபாக்கியம். "நேராத்தான் நிக்குது."

மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்தார். கொடிக்கம்பமா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப நேராவே வைம்மா" என்றார்.